நிறுத்தியது யார்

என் அக்காவின் கணவரைப் பெயர் சொல்லித் தேடினால் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பிரேக் வாத்தியார் என்று கேட்டால் பேருந்து நிலையத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். இருபத்து நான்கு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். இங்கே ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தாலே அவரிடம் போகாதவர்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய வலது கால். ஓட்டுநர் பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் எதன் மேலாவது கொண்டுபோய் மோதுவதற்கு முன்னால் வாத்தியார் மிதித்துவிடுவார். மிதித்து மிதித்து அத்தானின் கால் அவர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. பேருந்தில் பயணியாகப் போனாலும் மிதிக்கும். டிவியில் யாராவது காரில் துரத்தினால் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிக்கும். "இவருக்குத் தூக்கத்துலயும் யாரோ குறுக்க வர்றாங்கடா தம்பி, இங்க பாரு, என் கணுக்கால் கன்னிப்போச்சு" என்று அக்கா என்னிடம் காட்டிச் சிரிப்பாள். அத்தான் ஒன்றும் நடக்காதவர் மாதிரி செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அந்த இரண்டாவது பிரேக்கைப் பொருத்தியவன் நான். கார் மெக்கானிக். அத்தானின் மூன்று கார்களுக்கும் நான்தான் வைத்தியம். முதல் காருக்குப் பொருத்தும்போது, "கிளட்சும் ஒண்ணு வெச்சுடட்டுமா அத்தான்? எல்லாப் பயிற்சி வண்டியிலயும் ரெண்டும் இருக்கும்" என்றேன்.

"வேண்டாம் மாப்ள. பிரேக் போதும். நான் மிதிக்கிறப்போ அவன் கிளட்ச் பிடிக்கலேன்னா என்ன ஆகும்?"

"இன்ஜின் ஆஃப் ஆகும்."

"ஆகட்டும். தன்னாலதான் ஆஃப் ஆச்சுன்னு நினைச்சுப்பான். வேர்த்துக் கொட்டும். அடுத்த தடவை ஒழுங்கா ஓட்டுவான். நான் மிதிச்சேன்னு தெரிஞ்சா, நம்மளக் காப்பாத்த ஆளிருக்குன்னு தெனாவட்டு வந்துடும்."

தொழில் ரகசியம் என்று இதற்குப் பெயர். மிதித்துவிட்டு, ஜன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்ப்பார். பக்கத்தில் இருக்கிறவர் "சாரி சார், சாரி சார்" என்று சாவியைத் திருகுவார். வண்டி ஆஃப் ஆவது அவர் மிதிப்பதால்தான் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அக்காவிடம்கூட நாங்கள் சொன்னதில்லை. பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள். விண்ணப்பம் நிரப்புவது, போன் எடுப்பது, அழுதுகொண்டே வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அவளிடம் சொல்லியிருந்தால் முதல் நாளே பாவப்பட்டு எல்லோரிடமும் போட்டு உடைத்திருப்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண். எங்களுக்கு அவள் இன்னும் பாப்பா. இருபத்தாறு வயது. அவளும் அப்பாவிடம் அதே காரில், அதே மாதிரி ஆஃப் ஆகி ஆஃப் ஆகித்தான் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்து, நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. குழாய் குலுங்காமல் ஊரின் எல்லாப் பள்ளங்களையும் தாண்டி வருவாள். அவள் ஓட்டும்போது மட்டும் அத்தானின் கால் சும்மா இருக்கும் என்று அக்கா பெருமையடிப்பாள். அது பாசத்தில் சொன்னது. ஒரு பெற்றவள் சொல்வதை நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம்.

அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் விடும் நேரம். அத்தான் கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாப்பா அன்றைக்கு நேரம் கழித்துத்தான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நின்றது பயிற்சிக் கார். பாப்பா சாவியை எடுத்தாள். அக்காவைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். அத்தான் முன்னால், தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிய மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பின்னால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் முன்னால் போய் உட்காருவானா? கேட்டால், "பழக்கம் மாப்ள" என்றார். பழக்கமாம். இருபத்து நான்கு வருடமாக அந்த ஒரு கதவைத்தான் திறந்திருக்கிறார். பதற்றத்திலும் கை அதைத்தான் திறந்தது.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. மஞ்சள் விழுந்து சிவப்பு ஆனது. பாப்பா ஒரு நொடி தயங்கி, ஹாரனை அழுத்திக்கொண்டே கோட்டைத் தாண்டிவிட்டாள். குறுக்கே இன்னும் யாரும் கிளம்பவில்லை. போயிருந்தால் போயிருப்பார்கள். சந்திப்பின் நட்டநடுவில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. இன்ஜின் ஆஃப். அவள் சாவியைத் திருகத் திருக, அந்தக் கிழட்டு ஸ்டார்ட்டர் இருமிக்கொண்டே இருந்தது. அதற்குள் நான்கு பக்கத்திலிருந்தும் பள்ளி வேன்களும் ஆட்டோக்களும் வந்து சூழ்ந்துகொண்டன. போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடிவந்து வழி விலக்கி, நாலு பேர் சேர்ந்து தள்ளி, வண்டி நகர ஒன்பது நிமிடம் ஆனது.

அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர், "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாய். அவர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் அக்கா மகள் அந்த இடத்திலேயே நின்றாள்.

எல்லாம் முடிந்து பதினோராம் நாள் அத்தான் என் பட்டறைக்கு வந்தார். நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"மாப்ள, அந்த ரெண்டாவது பிரேக்கைக் கழட்டிடு."

"ஏன், பள்ளியை மூடப் போறீங்களா?"

வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் அக்காவின் உடலுக்குப் பக்கத்தில்கூட அழவில்லை.

"வண்டி ஆஃப் ஆனது பாப்பாவால இல்ல மாப்ள. நான் மிதிச்சேன்."

எனக்கு உடனே புரியவில்லை. ஏதாவது குறுக்கே வந்ததா என்று கேட்டேன். ஒரு சைக்கிள், ஒரு நாய், ஒரு பந்து, ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"ஒண்ணும் வரல. சிவப்பு இருந்துச்சு. கால் போயிடுச்சு."

நான் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் வீசி எறிந்தேன். அவர் மேல் வீசாமல் சுவரில் வீசினீர்களே, அதுவே பெரிது என்று அன்றிரவு என் மனைவி சொன்னாள். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"இல்ல."

"சொல்லுங்க. அவ தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

"சொன்னா அவ என்னை விட்டுப் போயிடுவா மாப்ள. அவளும் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட இருப்பேன்?"

போங்கள் என்று விரட்டிவிட்டேன். ஆனால் நானும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது அவர்தான் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். கிளட்ச் இல்லாமல் பிரேக் மட்டும் பொருத்தியது எந்தக் கை என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயம். அவர் யோக்கியர் இல்லை என்றால் நானும் இல்லை.

பாப்பா ஓட்டுவதை விட்டாள். பரிசோதனை நிலையத்தில் கெஞ்சி, உள்ளே குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலையை வாங்கிக்கொண்டாள். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து போவாள், சாயங்காலம் ஐந்து கிலோமீட்டர் நடந்து வருவாள். பேருந்தில்கூட ஏறுவதில்லை. ஒருநாள் வழியில் பார்த்து, வண்டியை நிறுத்தி, "ஏறு பாப்பா" என்றேன். "இல்ல மாமா, நான் வண்டியில இருந்தா சரியா வராது" என்றாள். ஏதோ தனக்குத் தொற்றுநோய் இருக்கிற மாதிரி ஒதுங்கி நின்று சொன்னாள். வீட்டில் சமைத்தாள், அப்பாவுக்குக் கண் மருந்து விட்டாள், துணி மடித்தாள். அத்தான் ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து போக்குவரத்து நீதிமன்றத்திலிருந்து ஓர் உறை வந்தது. நாற்சந்திக் கேமரா எடுத்த புகைப்படம் ஒன்றும், அதனுடன் ஒரு நோட்டீசும். "சிவப்பு விளக்கின்போது நிறுத்தக் கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவே வாகனத்தை நிறுத்திப் போக்குவரத்துக்கு இடையூறு செய்தது." கீழே ஒரு கட்டம்: வாகனத்தை ஓட்டியவர் யார்? உரிமையாளர் நிரப்பி அனுப்ப வேண்டும். அல்லது குறித்த தேதியில் நேரில் வர வேண்டும்.

உறையைப் பிரித்தவள் பாப்பா. அத்தான் அதைப் பிடுங்கி, தன் பெயரை எழுதி அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் என்றிருக்கிறார். படத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் இருக்கிறாள், எப்படி முடியும்? என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தார்கள். நோட்டீஸ் நடுவில் கிடந்தது.

"ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினா தள்ளுபடி பண்ணிடுவாங்க பாப்பா. அவசரம்தானே. நான் வாங்கித் தர்றேன்" என்றேன்.

"எனக்குத் தள்ளுபடி வேண்டாம் மாமா. நான் நேர்ல போறேன்."

"போயி?"

"நான்தான் பண்ணினேன்னு சொல்லப் போறேன். இந்த ரெண்டு மாசமா எல்லாரும் உன் தப்பில்ல, உன் தப்பில்லன்னு தட்டிக்குடுத்துட்டுப் போறீங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இவங்களாவது கேக்கட்டும்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மேசைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

நீதிமன்றம் பழைய தண்ணீர் வரி அலுவலகத்தின் மாடியில் இருந்தது. அகலமான படிக்கட்டு, பாதி விளக்கு எரியாத நீண்ட நடை, பெஞ்சுகள். ஒரு பெஞ்சு முழுக்க ஹெல்மெட் போடாதவர்கள், எல்லோரும் கையில் புத்தம் புது ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி. பால் வண்டிக்காரர் ஒருவர், தவறான இடத்தில் நிறுத்தியதற்கு இந்த வருடம் ஆறாவது முறை வந்திருந்தார். கிளார்க்கை நலம் விசாரித்தார், கிளார்க்கும் அவருடைய மூட்டு வலியை விசாரித்தார். உள்ளே கூடத்தில் ஒரு வழக்குக்கு ஒரு நிமிடம் ஆனது. கூப்பிடுவார்கள், ஒப்புக்கொள்கிறீர்களா என்பார்கள், ஒப்புக்கொள்வார்கள், சீட்டு எழுதுவார்கள், அடுத்து.

பாப்பா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையை இழுத்து வாரியிருந்தாள். நல்ல உடுப்பு. நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் போல ஒரு கவனம். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. தண்டனை கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பில் ஒரு பெண் முகம் தெளிந்து இருக்கலாமா? அத்தானைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இப்ப சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"மாப்ள..."

"அவ உள்ள போயி, எங்கம்மாவை நான்தான் கொன்னேன்னு ஒரு காகிதத்துல எழுதி வாங்கிட்டு வரப் போறா. அதை மடிச்சு வெச்சுக்கிட்டு ஆயுசுக்கும் இருப்பா. உங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும்னு அவளை இப்படி வெச்சுக்கப் போறீங்களா?"

அவர் குழாயைத் திறந்தார். முகத்தைக் கழுவவில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடினார். "அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமப் போயிடும் மாப்ள" என்றார். அறுபத்தோரு வயது மனிதர். எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வாகன எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோப்பிலிருந்த படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பாப்பா கூண்டில் ஏறி நின்றாள். நாங்கள் இருவரும் பின்னால், கம்பித் தடுப்புக்கு வெளியே.

"ஓட்டினது நீங்கதானா?"

"ஆமாம் மேடம்."

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

கிளார்க் சீட்டை எழுத ஆரம்பித்தார். நீதிபதி படத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "பின்னாடி யாரோ படுத்திருக்காங்களே, யாரு?"

"எங்கம்மா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தோம்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே? சீட்டு வெச்சிருக்கீங்களா?"

நான் தடுப்பின் மேல் எக்கி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். காவலர் வாங்கிக் கொடுத்தார். நீதிபதி படித்தார். தேதியையும் நேரத்தையும் நோட்டீசில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. "இதுக்கு அபராதம் போடறதில்லம்மா. நீங்க போகலாம்."

"இல்ல மேடம். அபராதம் போடுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பால் வண்டிக்காரர் வாயைப் பிளந்தார்.

"நான் சிவப்புல போனதுக்குக் கேக்கல மேடம். நோட்டீஸ்ல நிறுத்தினதுன்னுதானே போட்டிருக்கு. நிறுத்தாம போயிருந்தா அம்மா இருந்திருப்பாங்க. எனக்கு எட்டு வருஷமா ஓட்டத் தெரியும். கிளட்ச் பிடிக்காம நடு ரோட்டுல வண்டியை ஆஃப் பண்ணினேன். நான் நிறுத்தினது தப்புன்னு எழுதுங்க. நீங்களாவது எழுதுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு அன்றைக்கு இன்னும் எழுபது வழக்கு இருந்தது. அந்த நேரத்தில்தான் அத்தான் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். காவலர் தோளைப் பிடித்தார். அவர் நிற்கவில்லை.

"மேடம், அவ நிறுத்தல. நிறுத்தினது நான்."

"நீங்க யாரு?"

"அவ அப்பா. அது பயிற்சி வண்டி. என் பக்கமும் பிரேக் இருக்கு. இவ போயிட்டுத்தான் இருந்தா. இவ கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சு. நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சேன். அதனாலதான் ஆஃப் ஆச்சு. யாரா இருந்தாலும் ஆஃப் ஆகியிருக்கும். அவ மேல ஒரு தப்பும் கிடையாது."

பாப்பா திரும்பி அவரைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "வேண்டாம்பா" என்றாள் மெல்ல. அதில் ஒரு பரிவு இருந்தது. பிறகு அவள் கண் என்னைத் தேடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு அது உண்மை என்று தெரிந்தது.

"பொண்ணுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார் நீதிபதி.

"இருக்கு மேடம்."

"அப்போ அன்னிக்கு அது பயிற்சி இல்ல. நீங்க வெறும் பயணி." சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கிளார்க்கும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். "ஓட்டினவங்க நிறுத்தல. நிறுத்தினவர் ஓட்டல. பயணி மேல இந்தப் பிரிவுல வழக்கு எழுத வழியில்லை. தள்ளுபடி."

அத்தான் அசையவில்லை. "எனக்கு ஏதாவது போடுங்க மேடம்" என்றார்.

"எதுல போடறது?"

"எதுலயாவது."

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். கோபமில்லாத முகம். "போயிட்டு வாங்க பெரியவரே" என்றார். கிளார்க் அடுத்த வண்டி எண்ணைச் சொன்னார்.

படிக்கட்டு இறங்கி வெளியே வந்தோம். வெயில். எதிரே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குள் ஓர் அற்ப நிம்மதி. எப்படியோ சொல்லியாகிவிட்டது, இனி அவள் அழுவாள், கத்துவாள், அடிக்கக்கூட அடிப்பாள், பிறகு நாள் போகப் போகச் சரியாகும் என்று கணக்குப் போட்டேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று, ஏதோ ஒரு வழியை நினைவுபடுத்திப் பார்க்கிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"வேணும்னு மிதிச்சீங்களாப்பா?"

"இல்லடா கண்ணு. சத்தியமா இல்ல. கால் தானாப் போயிடுச்சு."

"தெரியும். உங்க கால் அப்படித்தான்." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் மூச்சை விட்டேன். அத்தானின் முகத்திலும் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஓர் அடி அவளை நோக்கி வைத்தார்.

"ஸ்டார்ட் ஆகாம நான் அழுதேன்ல, அப்போ அம்மா பின்னாலேருந்து கையை நீட்டி என் தோளைத் தொட்டாங்க" என்றாள். "பரவால்ல பாப்பா, யாருக்கும் வர்ற தப்புதான், பதறாம எடுன்னாங்க. பேசவே முடியல அவங்களால. ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

அத்தான் வைத்த அடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒன்பது நிமிஷம்பா. அவங்க காது கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் மிதிச்சேன்னு ஒரு வார்த்தை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"வாய் வரலடா."

இது எனக்குப் புதிது. அவர் பட்டறையில் அழுதபோது காலைப் பற்றி மட்டும்தான் சொன்னார். தோளைத் தொட்ட கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. பழக்கத்தில் போன காலை மன்னிக்க நான் மெல்ல மெல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த ஒன்பது நிமிடமும் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அதற்கு எந்த நீதிமன்றத்தில் சீட்டு எழுதுவது? சாகப் போகிறவள் மகளைத் தேற்றுகிறாள், மகள் அழுகிறாள், அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அப்போ அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் பாப்பா.

"தெரியாது."

"என்னாலதான்னு நினைச்சுக்கிட்டேவா போனாங்க?"

ஒரு பொய் போதும். இல்லை, உள்ளே ஸ்ட்ரெச்சரில் போகும்போது நான் அவள் காதில் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு பொய். யாருக்குத் தெரியப் போகிறது? நான் அவரையே பார்த்தேன், சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லிப் பிழைத்த மனிதர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு உண்மை பேச வேண்டியிருந்தது.

"ஆமாண்டா" என்றார்.

பாப்பா தலையை மெல்ல ஆட்டினாள். கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இதை மட்டும் மறைச்சிருக்கலாம்பா" என்றாள்.